ஒரே ஒரு பேர்

"ஏழு வருஷமா எல்லாருக்கும் ரெஸ்யூமே எழுதிக் கொடுத்தேன்னு போட்டிருக்கீங்க. இன்டர்நெட்ல தேடிப் பார்த்தேன். 'நல்லா எழுதுறாங்க'ன்னு ஒரு ஈ காக்காகூடச் சொல்லலையே?"

மேனேஜர் கேட்டதும் அவள் முகம் சுருங்கிப்போனது.

விளம்பரக் கம்பெனியில் எழுத்து வேலைக்கான இன்டர்வியூ. மேஜைக்கு அந்தப் பக்கம் மேனேஜரும் டைரக்டர் அம்மாவும். இந்தப் பக்கம் அவள் மட்டும். போன மாசம்தான் ரெஸ்யூமே எழுதிக் கொடுக்கும் கடையை இழுத்து மூடியிருந்தாள். இந்த வேலையும் கிடைக்காவிட்டால் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு அண்ணன் வீட்டு வாசலில் போய் நிற்க வேண்டியதுதான். அண்ணி பேசப்போகும் பேச்சு இப்போதே காதில் கேட்டது.

"வேலை கிடைச்சதும் போன் பண்ணி நன்றி சொல்லி அழுதுடுவாங்க சார். 'இதையே நாலு வரி இன்டர்நெட்ல எழுதுங்களேன்'னு கேட்டா போதும். அதோட சரி, போனே எடுக்க மாட்டாங்க."

"ஏன்?" டைரக்டர் அம்மா கேட்டார்.

"வேற ஆள் எழுதினதுன்னு ஆபீஸ்ல தெரிஞ்சா மானம் போயிடும்னு பயம் மேடம்."

"அடேயப்பா! நல்லா கதை விடுறீங்க!" மனுஷன் விடுவதாக இல்லை.

டைரக்டர் அம்மாவுக்கு மனசு இளகியிருக்க வேண்டும். "உங்க எழுத்து எனக்குப் பிடிச்சிருக்கும்மா. ஒரே ஒரு ஆள் பேர் சொல்லுங்க. நானே கேட்டுக்கறேன். உண்மைன்னா வேலை உங்களுக்குத்தான்."

அவள் வாயைத் திறந்தாள். மேனேஜர் தண்ணீர் கிளாஸை எடுத்தார்.

"யார்கிட்டயும் சொல்ல மாட்டேன்னு வாக்குக் கொடுத்துத்தான் எழுதினேன். மன்னிச்சுக்குங்க மேடம்."

"பார்த்தீங்களா மேடம்? ஆளுன்னு ஒருத்தர் இருந்தாத்தானே பேர் சொல்ல!"

டைரக்டர் அம்மா பெருமூச்சோடு ஃபைலை மூடினார்.

லிஃப்ட் வாசலில் கண்ணைத் துடைத்துக்கொண்டு நின்றாள். பின்னாலேயே ஓட்டமும் நடையுமாக வந்தார் மேனேஜர். அக்கம்பக்கம் பார்த்துக் குரலைத் தாழ்த்தினார்.

"தப்பா எடுத்துக்காதீங்க சிஸ்டர். வேற கம்பெனியில பெரிய போஸ்ட் ஒண்ணு வருது. போன தடவை எனக்கு எழுதிக் கொடுத்தீங்களே, அதே ரெஸ்யூமேயைக் கொஞ்சம் புதுப்பிச்சுத் தரணும். வழக்கம்போல, யாருக்கும் தெரிய வேண்டாம்."