பாதித் தட்டு

“பட்டினி போட்டிருக்காங்க. யாரு செஞ்சது?”

தல்லாகுளத்தில் நாய்களுக்கு வைத்தியம் பார்க்கும் டாக்டர் இந்துப்ரியா, யார் முகத்தையும் பார்க்காமல்தான் கேட்டார். மேஜைமேல் கிழட்டு நாய் செவலை எலும்பும் தோலுமாகக் கிடந்தது.

மாட்டுத் தரகர் விருமாண்டிக்குச் சுர்ரென்று ஏறியது.

“என் வீட்டுலயா பட்டினி? ரெண்டு வேளையும் கறிச்சோறு. ஒவ்வொரு நாய்க்கும் என் கையாலதான் தட்டு வைக்கிறேன், தாயி.”

“தட்டைத் தள்ளித் தள்ளி வச்சு, தின்னு முடிக்கிற வரைக்கும் பக்கத்துல நில்லுங்கன்னு, நாய்ச்சண்டைன்னு வந்த அன்னிக்கே சொன்னேனே?”

“நாய்க்குப் பந்தி விசாரிக்கவா நான் பொறந்தேன்? வம்பு பண்ணது அந்தப் பொடி நாய் சிட்டு. தட்டுப் பக்கம் ஒருத்தன விடாது. பெரிய நாய் டைகர் மூஞ்சியவே கிழிச்சிருச்சு. விலக்கப் போன என்னையும் கடிச்சது. இம்புட்டூண்டு இருந்துக்கிட்டு அம்புட்டும் அதுக்கே வேணுமாம்! போன மாசமே உசிலம்பட்டியில நம்ம சுடலைகிட்டத் தள்ளிவிட்டுட்டேன். இப்பத்தான் வீடு வீடா இருக்கு.”

பக்கத்தில் மனைவி முத்துத்தாய் செவலையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். சிட்டுவை வண்டியில் ஏற்றிவிட்ட அன்று அழுதவள் அவள்.

டாக்டர் செவலையின் உதட்டைத் தூக்கிக் காட்டினார்.

“உருப்படியா ஒரு பல் இல்ல. ஒரு தட்டுச் சோறு திங்க இதுக்கு முக்கால் மணி நேரம் ஆகும். டைகர் ரெண்டு நிமிஷத்துல தன்னோடதை முடிச்சுட்டு இது தட்டுக்கு வந்திருக்கும்.”

விருமாண்டி குனிந்து பார்த்தார். சந்தையில் மாட்டின் வாயைப் பிடித்துப் பார்த்து வயசு சொல்வதில் அவரை மிஞ்ச ஆள் கிடையாது. பல்லைப் பார்க்காமல் ஒரு கன்றுக்குட்டிக்குக்கூட விலை பேசினவரில்லை. சொந்த நாயின் வாயை இன்றுதான் பார்க்கிறார்.

“பல்லு எப்ப விழுந்துச்சு?”

“ஒரு வருஷத்துக்கு மேல இருக்கும்.”

“அப்ப போன மாசம் வரைக்கும் எப்படித் தின்னுச்சு?” முத்துத்தாய்தான் கேட்டாள்.

விருமாண்டி செல்போனை எடுத்து உசிலம்பட்டிக்கு அடித்தார்.

“சுடலை, அந்தச் சிட்டு எப்படி இருக்கு?”

“நானே கூப்பிடணும்னு இருந்தேண்ணே!” சுடலையின் குரல் செல்லைத் தாண்டிக் கேட்டது. “என்ன நாயிண்ணே இது! பாதிச் சோத்தத்தான் திங்குது. மீதிக்குக் காவலா உக்காந்துக்கிட்டு எங்க நாயெல்லாத்தையும் வெரட்டுது. தட்டப் பாக்குது, வாசலப் பாக்குது. பொழுதுக்கும் இதே வேலைதான்... அண்ணே? அண்ணே?”

விருமாண்டி செல்லைக் காதிலிருந்து இறக்கினார்.

“செவலை ரெண்டு நாள் தாங்குனா பெருசு,” என்றார் டாக்டர்.

முத்துத்தாய் செவலையின் தலையைத் தடவிக்கொண்டே, யாருக்கோ சொல்வதுபோலச் சொன்னாள்:

“யாரு செஞ்சதுன்னு டாக்டரம்மா கேட்டாங்கள்ல? செஞ்சவரே போயி அதக் கூட்டிட்டு வரட்டும். இது கண்ண மூடுறதுக்குள்ள கூட்டிட்டு வரட்டும்.”