ராலிட்சாவின் தலையாட்டல்

ப்ளோவ்டிவ் பல்கலைக்கழக விடுதியின் சமையலறையில் மாலை வெயில், ஆறிப்போன பனிட்சா அப்பத்தின் வெண்ணெய்ப் பளபளப்பில் விழுந்து கிடக்கிறது. மடிக்கணினித் திரையில் இணையவழி ஆங்கில வகுப்பு. அயர்லாந்திலிருந்து பாடம் நடத்தும் ஷோனா, "புரிஞ்சுதாம்மா?" என்று கேட்கிறாள். ராலிட்சா உற்சாகமாகத் தலையை இடமும் வலமும் ஆட்டுகிறாள். ஷோனா பெருமூச்சு விட்டு, அதே பாடத்தை மறுபடியும் முதலிலிருந்து தொடங்குகிறாள். எதிரே அப்பத்தைப் பிய்த்துக்கொண்டிருக்கும் வகுப்புத் தோழன் ஸ்டோய்மென் மேசையைத் தட்டிச் சிரிக்கிறான். "அடுத்த வாரம் டப்ளின் மேல்படிப்புக்கான நம்ம நேர்காணல்லயும் இப்படியே ஆட்டு, சீட் கெடைச்ச மாதிரிதான்! திரையைப் பாத்தா இங்கிலீஷ் வருமா? வகுப்புல உக்காந்து படிக்கணும்டி." "வகுப்புல நீ என்னைக்குடா வாயைத் திறந்த?" என்று திரும்பாமலே கேட்டுவிட்டு, ராலிட்சா நிமிர்ந்து உட்கார்ந்து, தடுமாறாத ஆங்கிலத்தில் சொல்கிறாள்: "எனக்கு அப்பவே புரிஞ்சிடுச்சு ஷோனா. எங்க நாட்டுல ஆமான்னா இப்படித்தான் ஆட்டுவோம். மேலயும் கீழயும் ஆட்டினாதான் இல்லைன்னு அர்த்தம்." திரைக்குள் ஷோனா கண்ணாடியைக் கழற்றிவிட்டுத் தன் தலையை இடமும் வலமும் ஆட்டிப் பார்க்கிறாள், காதுத் தொங்கட்டான்கள் கன்னத்தில் மோதிக் கிலுகிலுக்கின்றன. "அப்போ இன்னைக்கு டீச்சர் நீதான்!" ஸ்டோய்மெனின் சிரிப்பு எப்போதோ நின்றுபோயிருக்கிறது; பிய்த்த துண்டு கையிலேயே இருக்கிறது. "என்னடா, உன்னையும் இந்த இணைய வகுப்புல சேத்துவிடட்டுமா?" என்கிறாள் ராலிட்சா. அவன் சன்னலைப் பார்த்துக்கொண்டு, தலையை மெல்ல இடமும் வலமும் ஆட்டுகிறான். அவள் வகுப்பின் பதிவுப் படிவத்தைத் திறந்து அவன் பெயரைத் தட்டத் தொடங்குகிறாள்.