ஓணான் இறங்கும் பக்கம்

சிவந்த பாறைகள் சூழ்ந்த அந்தப் பாலையில், ஓரிடத்தில் மட்டும் இருவர் உட்காரும் அளவுக்கு நிழல் இருந்தது. வடிவழகி அங்கே மோட்டார் சைக்கிளை நிறுத்தினாள். பின்னாலிருந்து இறங்கிய மாமியார் இசக்கியம்மாளின் முழங்கால் வீங்கியிருந்தது.

“இத்தோட திரும்பிருவோம் அத்தை.”

“இம்புட்டுத் தூரம் வந்துட்டு, பாறைக்கு அந்தப் பக்கம் இருக்க ஏரியப் பாக்காமலா? நல்லாருக்கே!”

அப்போது ஓர் ஓணான் வண்டியின் முன்விளக்கின் மேல் ஏறி அமர்ந்தது.

“ஓணானே, திரும்பிரலாமா?” என்று வடிவழகி கேட்டாள். அது தலையாட்டியது.

“ஏரிக்குப் போவமா?” என்று மாமியார் கேட்டார். அதற்கும் தலையாட்டியது.

“யாரு எதக் கேட்டாலும் தலையாட்டுது, உங்க மகன் மாதிரியே.”

“பின்ன, என் வளர்ப்புல்லா!” என்று மாமியார் பெருமையோடு சிரித்தார்.

இறுதியில், ஓணான் எந்தப் பக்கம் இறங்கி ஓடுகிறதோ அந்தப் பக்கமே போவது என்று முடிவாயிற்று. இருவரும் நிழலில் காத்திருந்தார்கள். இசக்கியம்மாள் வலிக்கிற காலை இரு கைகளாலும் தூக்கி, வந்த வழியை மறித்து மெல்ல நீட்டிக்கொண்டார். வடிவழகி அதைக் கண்டாள். சிரிப்பை அடக்கியபடி, ஏரிப் பக்கம் நீட்டியிருந்த தன் கால்களை மடக்கிக்கொண்டாள். ஓணான் இன்னும் தலையாட்டிக்கொண்டிருந்தது.