ஒரு கை போதும்

"இந்த ஊரை விட்டுப் போக விரும்புறவங்க வலது கையைத் தூக்கலாம். யாரும் உங்களைத் தப்பா நினைக்க மாட்டோம்" என்றார் சால்ட் லேக்கிலிருந்து வந்திருந்த பெரியவர்.

மண்கட்டியால் எழுப்பிய சபைக் கூடத்தில் ஊரே கூடியிருந்தது.

கெசையாவால் தன் காதையே நம்ப முடியவில்லை. அமெரிக்காவில், தெற்கு யூட்டாவின் இந்தச் செம்மணலில் ஏழு வருஷமாக அத்தனை பேரும் காத்துக் கிடந்தது இந்த ஒரு கேள்விக்குத்தான்.

சால்ட் லேக்கில் தலைமையிடம் கொண்ட மோர்மன் கிறிஸ்தவ சபை இங்கே ஊர் அமைக்க அனுப்பித்தான் வந்தார்கள். சபை 'போதும், திரும்பி வாருங்கள்' என்று சொன்னால்தான் போகலாம். தானாக மூட்டை கட்டினால் விசுவாசம் கெட்டவன் என்று பேர். வாயைத் திறந்து கேட்டாலே பாதி விசுவாசம் போய்விட்டதாக அர்த்தம். அதனால் இதுவரை யாரும் கேட்டதில்லை.

ஒவ்வொரு வசந்தத்திலும் ஆறு அணையை வாரிக்கொண்டு போகும். ஒவ்வொரு கோடையிலும் குளிர்காய்ச்சல் பிள்ளைகளை வாரிக்கொண்டு போகும்.

கெசையா இரண்டைப் புதைத்துவிட்டாள். மூன்றாவது, மூன்று வயது அம்மோன், அவள் மடியில் கிடந்து நடுங்கிக்கொண்டிருந்தான். மலைப்பக்கம் குளிர்ந்த ஊருக்குக் கொண்டுபோனால் பிழைப்பான். இங்கேயே கிடந்தால் அடுத்த கோடையைப் பார்க்க மாட்டான். அது அவளுக்குத் தெரியும். மேடையில் உட்கார்ந்திருந்த அவள் புருஷனுக்கும் தெரியும்.

புருஷன் ஓரின் பிட்கின்தான் அந்த ஊர் பிஷப். முப்பது குடும்பத்தை வண்டி கட்டிக் கூட்டிவந்தவர். அணை உடைந்தால் முதலில் தண்ணீரில் இறங்குகிறவர். யார் வீட்டுப் பிள்ளை செத்தாலும் பெட்டி அடித்து, ஜெபம் சொல்லி, குழி மூடுகிறவர். அவர் கை மேலே போனால் முப்பது வீட்டுக் கைகளும் போகும்.

அவரோ இடித்த புளி மாதிரி உட்கார்ந்திருந்தார்.

தூக்குங்களேன் என்று அவள் மனசுக்குள் கெஞ்சினாள். உங்களுக்காக வேண்டாம், இந்தப் பிள்ளைக்காகத் தூக்குங்களேன்.

ஊர்க்காரர்கள் பிஷப்பைப் பார்த்தார்கள். பிஷப் ஊர்க்காரர்களைப் பார்த்தார். முன்வரிசையில் இருந்த நீல்ஸ் பிராண்ட், போன மாதம்தான் பெண்சாதியைப் பறிகொடுத்தவன், தொடைமேல் வைத்திருந்த விரல்களை நீட்டினான், மடக்கினான். அவ்வளவுதான்.

பெண்களும் கை தூக்கலாம், சபையில் அது வழக்கம்தான். கெசையா பிள்ளையை இடது கைக்கு மாற்றிக்கொண்டாள். வலது கை சும்மா இருந்தது. ஆனால் பிஷப் பெண்சாதியே முதலில் தூக்கினால் நாளைக்கு அவர் எந்த முகத்தோடு இந்த மேடையில் ஏறுவார்?

கை எழவில்லை.

"இங்கேயே இருந்து பாடுபடத் தயாரா இருக்கிறவங்க?" என்றார் பெரியவர்.

அத்தனை கையும் எழுந்தது. அவள் கையும்தான்.

பாட்டு முடிந்து எல்லோரும் கலைந்த பிறகு, குதிரைகளை வண்டியில் பூட்டிக்கொண்டிருந்த புருஷனிடம் போய் நின்றாள்.

"உங்க மனசு என்ன கல்லா? ஒரு கை. அதைத் தூக்க முடியலையா உங்களால?"

"நீயும் தூக்கலையே, கெசி" என்றார் அவர்.

கோபமாகச் சொல்லியிருந்தால் பதிலுக்கு நாலு வார்த்தை திட்டியிருப்பாள். அவர் கோபமாகச் சொல்லவில்லை.

பெரியவர் கண்ணைத் துடைத்தபடி வந்தார். பிள்ளையின் தலையில் கை வைத்து ஆசீர்வதித்தார். நெற்றி கொதித்ததை அவர் கவனித்த மாதிரி தெரியவில்லை.

"சகோதரி, உங்ககிட்ட ஒண்ணு சொல்லணும். ஒரே ஒரு கை எழுந்தாலும் போதும், மொத்த ஊரையும் விடுவிச்சு அனுப்பிடுன்னு சொல்லித்தான் சபைத் தலைவர் என்னை அனுப்பினார். ஒரு கைகூட எழலையே. என்ன ஜனங்கம்மா நீங்க. நானே வெட்கப்பட்டுட்டேன்."

கெசையா பிள்ளையை மார்போடு சேர்த்துக்கொண்டாள். போகணும் என்று சொல்லிவிடலாமா? இப்போதுகூடச் சொல்லலாமே. அவள் புருஷனைப் பார்த்தாள். ஏற்கெனவே இறுகியிருந்த வாரை அவர் மறுபடி இறுக்கிக்கொண்டிருந்தார்.

பெரியவர் சட்டைப்பையிலிருந்து ஒரு தாளை எடுத்தார்.

"எல்லாம் இந்த மொட்டைக் கடுதாசியால வந்த வினை. இங்க யாருக்கும் இருக்க மனசில்லைன்னு எவனோ ஒரு கோழை எழுதிப் போட்டிருக்கான். பொய்யின்னு இன்னைக்கு ஊரே கையைத் தூக்கிச் சொல்லிடுச்சு. எழுத்து யாரோடதுன்னு பாருங்க. பிஷப்கிட்ட கேட்டேன், தெரியலைன்னுட்டார்."

அவள் வாங்கிப் படித்தாள்.

'இரண்டு பிள்ளைகளைப் புதைத்துவிட்டேன். மூன்றாவதற்கும் குழி தோண்ட என் கையில் தெம்பில்லை. இங்கே எல்லோருக்கும் இதே கதிதான், ஒருவரும் வாய் திறக்க மாட்டார்கள். தயவுசெய்து எங்களைக் கூப்பிட்டுக்கொள்ளுங்கள்.'

இரண்டைப் புதைத்த வீடு அந்த ஊரில் பாதிக்குப் பாதி. யார் வேண்டுமானாலும் எழுதியிருக்கலாம். தலைமைக்குப் போகும் கடிதங்களையெல்லாம் எழுத்தர்தான் எழுதுவார். பிஷப்பின் எழுத்தை சால்ட் லேக்கில் யாரும் கண்டதில்லை.

கெசையா கண்டிருக்கிறாள். அவளைப் பெண் கேட்டு அவர் எழுதிய கடிதத்திலும் எழுத்துகள் இதே மாதிரிதான் இடப்பக்கம் சாய்ந்திருந்தன.

ஓரின் திரும்பவில்லை. அவர் பின்கழுத்து சிவந்திருந்தது.

"தெரியலைங்க" என்று அவள் தாளை மடித்துத் திருப்பிக் கொடுத்தாள்.