விடு

மழை இறங்குமுன்னே கோச் சகாயத்தின் வலதுகை விரல்கள் குடைய ஆரம்பித்துவிட்டன. பதினெட்டு வருடம் கோல்கீப்பராக நின்று ஒடித்துக்கொண்ட விரல்கள். தொடைக்கடியில் வைத்து அழுத்தியபடி ஆட்டத்தைப் பார்த்தார். துறைமுக அணிக்கு ஆள் எடுக்கும் ஆட்டம். தேறினால் நிரந்தர வேலை.

பந்து உயரமாக வந்தது. அவர் பழக்கிய கீப்பர் டில்லி, "விடுறா!" என்று கத்தினான். ஓங்கி ஒரு உதை விடு என்பது அவன் கணக்கு. பந்தைக் கீப்பரிடம் விட்டுவிடச் சொல்கிறான் என்று டிஃபெண்டர் மாசிலா ஒதுங்கிக்கொண்டான். பந்து இருவருக்கும் நடுவே குதித்து வலைக்குள் போனது.

"ஆட வந்தியா, காத்து வாங்க வந்தியாடா?" தேர்வு அதிகாரி பட்டியலில் மாசிலாவின் பெயரை அடிக்கப் பேனாவை வைத்தார்.

"அவன்தான் சார் விடுன்னான்."

"நா வாயே தொறக்கல சார்," என்ற டில்லி, கோச்சைப் பார்த்தான்.

சகாயம் எழுந்தார். "கத்துனது என் கீப்பர்தான் சார். என் காதால கேட்டேன்."

பேனா டில்லியின் பெயருக்கு நகர்ந்தது.

"கோச், நீயே இப்டி பண்லாமா?" என்றான் டில்லி.

சகாயம் உட்கார்ந்து விரல்களை மறுபடி தொடைக்கடியில் வைத்துக்கொண்டார். இருபத்திரண்டு வருடம் முன்னால், இதே துறைமுக அணித் தேர்வின் இறுதி ஆட்டத்தில், இதே சொல்லைக் கத்திவிட்டு வாயே திறக்கவில்லை என்று சாதித்தவர் அவர். அன்று ஒதுங்கி நின்ற டிஃபெண்டர் அற்புதத்துக்கு நிரந்தர வேலை கிடைக்காமல் போனது. இன்றும் அவன் அதே துறைமுகத்தில் மூட்டை தூக்குகிறான். சாயங்காலம் இவரோடுதான் டீ குடிக்கிறான். "கத்துனது நான்தான்டா" என்று அவனிடம் சொல்லவேண்டியது இன்னும் பாக்கி.