கரிசல் இடியின் குரல்

“பழிவாங்கிட்டீங்கல்ல மதினி? புருசனைக் குழுவை விட்டுத் தூக்குனதுக்கு எந்தலையில கல்லைத் தூக்கிப் போட்டுட்டீங்கல்ல?”

ஆல்வின் நுழைந்த வேகத்தில் பஞ்சுக் குடோனின் கதவு சுவரில் மோதித் திரும்பியது. ராஜபாளையத்தின் ‘கரிசல் இடி’ ராக் குழு பயிற்சி செய்வது அங்கேதான். அண்ணன் ஜோயலின் மனைவி இந்து, ஒலி மிக்சர் முன்னால் உட்கார்ந்து வயர் சுருட்டிக்கொண்டிருந்தாள். குழு தொடங்கிய நாளிலிருந்து சவுண்டு பார்ப்பவள் அவள்தான்.

“வந்ததும் வராததுமா எதுக்குத் தம்பி இப்படிக் கத்துறீங்க? என்ன நடந்துச்சு?”

“இன்னும் என்ன நடக்கணும்? நேத்து ஸ்ரீவில்லிபுத்தூர்ல ஊரே ஊளை விட்டுச்சே, காதுல விழலையா? அதை மதுரையில விழா நடத்துறவர் வீடியோவுல பார்த்துட்டாராம். இப்பத்தான் போன். ‘உங்க குழு வேண்டாம்’கிறார். எம்புட்டுப் பெரிய மேடை! பத்து வருசம் நாயா அலைஞ்சு பிடிச்சது!”

கல்யாண வரவேற்பு, சர்ச் விழா, கல்லூரி விழா என்று வன்னியம்பட்டி முதல் ஆலங்குளம் வரை ஆல்வின் ஏறாத மேடை இல்லை. அவன் மைக்கைப் பிடித்தால் கூட்டம் கிறங்கும். வீடியோவைப் போட்டுப் பார்த்து அவனே சொக்கிப்போவான். அப்பேர்ப்பட்டவனை நேற்று இரண்டாவது பாட்டிலேயே ‘எறங்குலே கீழே’ என்றார்கள்.

“அதுக்கு நான் என்ன செய்ய?”

“என்ன செய்யவா? மேடையில எங்காலடி ஸ்பீக்கர்ல எங்குரல் எப்பவும்போல கணீர்னுதான் கேட்டுச்சு. வெளி ஸ்பீக்கர்லதான் நாராசம்! அது உங்க கையில உள்ளதுதானே?”

“நான் எதையும் கெடுக்கலை.”

“அண்ணனை நான் சும்மாவா அனுப்பினேன்? டிரம் அடிக்கிறவன் கோரஸ் பாடினாப் போதாதா? மொத வரியில இருந்து கடைசி வரி வரைக்கும் என்கூடவே பாடுறான். வாயை மூடிட்டு அடின்னேன், கேக்கலை. கேட்டா ரெண்டு பேருக்கும் ஒரே குரல்வாகுன்னு பெருமை வேற. குழுவுக்குப் பாடகன் ஒருத்தன்தான் மதினி!”

இந்துவின் முகம் சிவந்தது. வயரைக் கீழே போட்டாள்.

“அவிய உங்களை ஒரு வார்த்தை திட்டினாவளா? ‘தம்பி தனியா நிப்பான், நீயாவது கூட இரு’ன்னுதான் என்னை அனுப்பிவிட்டாவ.”

“இந்த நல்லவர் வேசமெல்லாம் வேண்டாம்!” ஆல்வினுக்கு ஆத்திரம் மூக்குக்கு மேல் வந்தது. “இந்தா, மதுரைக்குப் போன் போடுறேன். மைக்ல நான்தான் கை வச்சேன், ஆல்வின் குரல்ல ஒரு குத்தமும் இல்லைன்னு உங்க வாயால சொல்லுங்க. இல்லைன்னா கரிசல் இடி இன்னையோட முடிஞ்சுது.”

நீட்டிய போனை வாங்கி, மணி அடிப்பதற்குள் இந்து துண்டித்தாள்.

“கை வச்சது நெசந்தான் தம்பி.”

“பார்த்தீங்களா, ஒத்துக்கிட்டீங்க!”

“உங்க மனசு நோகும், சொல்லாதேன்னு அவிய சத்தியம் வாங்கியிருந்தாவ. இன்னைக்கு மீறுறேன். பத்து வருசமா வெளி ஸ்பீக்கர்ல போனது அவிய குரல் மட்டும்தான். நேத்து அவிய இல்லைன்னுதான், மொத தடவையா உங்க மைக்கைத் திறந்துவிட்டேன்.”