பதினேழாம் எண் ஓவியம்

"இதுதான்யா நம்ம முகம்!" பதினேழாம் எண் ஓவியத்தைத் தொடாத குறையாகக் காட்டினார் சமூகச் சங்கத் தலைவர். கண் கலங்கியிருந்தது. முப்பது வருடத் தலைமையில் அவர் கண் கலங்கி யாரும் பார்த்ததில்லை. மற்றவர்களைக் கலங்க வைத்துத்தான் அவருக்குப் பழக்கம்.

படத்தில் சாம்பல் நிற முக்காடு போட்ட ஓர் இளம்பெண், பார்ப்பவரை நேருக்கு நேர் பார்த்தபடி உட்கார்ந்திருந்தாள்.

"நெத்தியப் பாரு, முகவாயைப் பாரு. எங்க வீட்டுல வளர்ந்த பொண்ணு மாதிரியே இருக்கா. கலப்படமில்லாத ரத்தம்யா. புது மண்டபத்து வாசல்ல இவதான். அழைப்பிதழ்லயும் இந்தப் படத்தையே போடச் சொல்லிடு."

போட்டிக்கு வந்த நாற்பது படங்களிலும் எண் மட்டும்தான் இருந்தது. வரைந்தவர் பெயர் ஒட்டிய உறைக்குள். பாரபட்சம் வரக்கூடாது என்று அந்த விதியைப் போட்டவரும் தலைவர்தான். அழைப்பிதழ் அச்சாகி ஊரெல்லாம் போய்ச் சேர்ந்த பிறகு, சாவகாசமாக உறையைக் கிழித்தார் செயலாளர். படித்தவர் பேயறைந்த மாதிரி நின்றார்.

"யாருய்யா?"

"உங்க தங்கச்சி மக."

மறுநாள் காலை அவள் சங்க அலுவலகத்துக்கு வந்தாள். ஒட்ட வெட்டிய தலைமுடி, ஆண்கள் சட்டை, முழங்கை வரை பெயிண்ட் கறை. தலைவர் அவளைப் பார்ப்பது இதுவே முதல் தடவை. வெளி ஆளைக் கட்டிக்கொண்டாள் என்று தங்கையின் பெயரைச் சங்கப் பதிவேட்டிலிருந்து தன் கையாலேயே அடித்தவர் அவர். அதற்கப்புறம் அந்த வீட்டுப் பக்கம் தலைவைத்துக்கூடப் படுத்ததில்லை.

"வணக்கம் மாமா."

"மாமாவும் கிடையாது, மண்ணாங்கட்டியும் கிடையாது. தலைவர்னு கூப்பிடு." அரைக்கண்ணால் ஒரு பார்வை பார்த்தார். "அப்படியே அப்பனை உரிச்சு வெச்சிருக்கே. எங்க ஜாடை மருந்துக்குக்கூட இல்ல."

"அப்பா வீட்டுல அம்மாவை உரிச்சு வெச்சிருக்கேன்னு சொல்லித்தான் வாசலோட அனுப்பினாங்க."

செயலாளர் மெல்ல வாயைத் திறந்தார். "தலைவரே, இவங்க பெரிய ஆர்ட்டிஸ்ட். இந்தப் பக்கமும் இல்லாம அந்தப் பக்கமும் இல்லாம நிக்கிறவங்களைப் பத்தியேதான் வரையறாங்க. பேப்பர்லயெல்லாம் வந்திருக்கு."

"உன்னை யாராவது கேட்டாங்களா?" என்றார் தலைவர்.

"எனக்குப் பரிசு வேண்டாம்," என்றாள் அவள். "படத்துக்குக் கீழ என் பேரும் எங்க அம்மா பேரும் இருக்கணும். அம்மா தினமும் இந்தத் தெரு வழியாத்தான் வேலைக்குப் போறாங்க. இந்தக் கட்டடம் வந்தா மட்டும் தலையைக் குனிஞ்சுக்கறாங்க. நீங்க அடிச்ச பேர் இங்க ஒரு சுவத்துலயாவது திரும்ப வரணும். அவ்வளவுதான் எனக்கு."

தலைவருக்கு உள்ளங்காலிலிருந்து உச்சந்தலை வரை எரிந்தது. "நாம கையளவு ஜனம். ஆளுக்கொரு பக்கம் கலந்துட்டா, நாளைக்கு நாம இருந்தோம்னு சொல்லக்கூட நாதி இருக்காது. அந்தப் பாவத்தைச் செஞ்சவ பேரு எங்க வாசல்லயா? நான் உசிரோட இருக்கிறவரைக்கும் நடக்காது."

அந்தப் பயம் பொய்யில்லை. அதை நினைத்து அவர் தூக்கம் கெட்ட நாட்கள் உண்டு. ஆனால் இப்போது பயத்தைவிட வெறுப்புதான் முன்னால் நின்றது. எதிரில் நிற்பவளை உட்காரச் சொல்லவும் அவருக்கு மனம் வரவில்லை.

படத்தைத் தூக்கி வீசிவிடலாம் என்றால் அழைப்பிதழ் கழுத்தைப் பிடித்தது. கொஞ்ச நேரம் மேஜையைத் தட்டிக்கொண்டிருந்தார். பிறகு, எதிரியை மடக்கிவிட்டவரின் சிரிப்பு ஒன்று உதட்டோரம் வந்தது.

"தீர்மானப் புத்தகத்தை எடுய்யா. எழுது. ஓவியத்தின் கீழே வரைந்தவர் பெயர் இடம்பெறாது. படத்திலுள்ள பெண்ணின் பெயரும், அவளைப் பெற்ற தாயின் பெயரும் கல்வெட்டாகப் பதிக்கப்படும்." அவள் பக்கம் திரும்பினார். "அசல் ரத்தத்தைப் பெத்தவளுக்குத்தான் எங்க சுவத்துல மரியாதை. உங்க அம்மாகிட்டயும் போய்ச் சொல்லு."

செயலாளர் எழுதி நீட்ட, தாள் கிழிகிற மாதிரி அழுத்திக் கையெழுத்துப் போட்டார் தலைவர்.

அவள் அழுவாள் என்று எதிர்பார்த்தார். கெஞ்சினாலும் சரி என்று நாற்காலியில் சாய்ந்துகொண்டார். அவளோ அந்தப் பக்கத்தைத் தன் பக்கம் திருப்பி, ஒரு எழுத்து விடாமல் படித்தாள்.

"இதை அப்புறம் மாத்த மாட்டீங்களே?"

"போட்ட கையெழுத்தை மாத்தற வழக்கம் என் பரம்பரைலயே கிடையாது. அதெல்லாம் உங்க அப்பன் வீட்டுல." பேனாவைச் செயலாளரிடம் வீசினார். "கல்வெட்டுக்காரன் காத்துக்கிட்டிருக்கான். சீக்கிரம் சொல்லு, யாரு அந்தப் பொண்ணு? நம்ம ஆளுங்கள்ல எந்த வீடு? உன்னை மாதிரி ஒருத்தி முன்னால வந்து உட்கார அவளுக்கு எப்படி மனசு வந்துச்சு?"

அவள் தீர்மானப் புத்தகத்தை மூடி, பத்திரமாகச் செயலாளர் கையில் கொடுத்தாள்.

"கண்ணாடியைப் பாத்துதான் வரைஞ்சேன் மாமா."